போனக்காட்டுக்கு மேலே

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகக் கிழக்கே போகும் சாலை போனக்காட்டில் முடிந்துவிடுகிறது. கவனிப்பாரில்லாமல் ஆளுயரம் வளர்ந்துவிட்ட தேயிலைச் செடிகள், தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களின் லயங்கள், ஓட்டம் நின்றுபோன ஆலை, பேய் உலவுவதாகச் சொல்லி இளவட்டங்களை இழுக்கும் ஒரு வெள்ளைக்காரர் பங்களா. ஊர் அவ்வளவுதான். ஆனால் ஜனவரி பிறந்தால் இங்கே கூட்டம் வந்துவிடும். அகத்தியர்கூடம் ஏறுகிறவர்களுக்குப் போனக்காட்டு வனத்துறைச் சாவடிதான் வாசல். அங்கிருந்து ஆறுகளையும் புல்மேடுகளையும் கடந்து அதிருமலை முகாமில் இரவு தங்கி, மறுநாள் 1868 மீட்டர் உயர உச்சிக்குப் போகவேண்டும். வழியில் கரண்ட் கிடையாது. செல்போனை உயிரோடு வைத்திருக்க நினைப்பவர் பவர் பேங்க்கையும் சேர்த்துச் சுமக்கிறார்.

இதே உச்சியில், 1855-இல், ஓர் ஆய்வகம் கட்டப்பட்டது. கட்டியவர் ஜான் ஆலன் புரௌன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். திருவிதாங்கூர் அரசரின் திருவனந்தபுரம் வானாய்வகத்துக்கு இயக்குநராக 1852-இல் வந்தவர். சுவாதித் திருநாள் காலத்தில், 1837-இல் தொடங்கிய ஆய்வகம் அது. முதல் இயக்குநர் ஜான் கால்டிகாட், ஆலப்புழையில் வணிக முகவராக இருந்து வானியலுக்கு வந்தவர். பூமியின் காந்தத்தை உலகம் முழுக்க ஒரே நேரத்தில் அளக்க ஐரோப்பிய அறிஞர்கள் 1840-களில் எடுத்த பெருமுயற்சியில் திருவனந்தபுரமும் ஒரு கண்ணி. காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் கிடையாக நிற்கும் காந்த நடுக்கோடு இந்தத் தென்கோடியை ஒட்டித்தான் ஓடுகிறது என்பதால், இங்கே எடுக்கும் கணக்குக்குத் தனி மதிப்பு இருந்தது.

புரௌனுக்கு ஒரு கேள்வி. காந்த ஊசி ஒரு நாளைக்குள் சற்றே கிழக்கும் மேற்கும் அசைகிறதே, அந்த அசைவு உயரத்துக்குப் போனால் மாறுமா? விடை வேண்டுமானால் கீழே ஒரு கருவி, மேலே ஒரு கருவி, இரண்டிலும் ஒரே நேரத்தில் கணக்கு எடுக்கவேண்டும். மேலே என்றால் அன்றைக்கு மலை மட்டும்தான். காட்டைத் திருத்தி வழி வெட்டி, யானை நடமாட்டத்துக்கும் பருவமழைக்கும் நடுவே, கருவிகளை ஆள்சுமையாக ஏற்றினார்கள். காந்த ஆய்வகத்துக்குள் இரும்பு நுழையக்கூடாது என்பது பொதுவிதி. ஓர் ஆணிகூட ஊசியை இழுத்துவிடும். பட்டு நூலில் தொங்கும் காந்தத்தின் அசைவைத் தொலைநோக்கி வழியே பார்த்து, உதவியாளர்கள் மணிக்கு மணி எழுதி வைத்தார்கள். இரவில் எண்ணெய் விளக்கு. கண்காணிப்புக்கு ஓடிய ஆற்றல் முழுவதும் கஞ்சியிலிருந்தும் எண்ணெயிலிருந்தும் வந்தது.

இந்தக் கணக்கெல்லாம் 1874-இல் லண்டனில் தடித்த நூலாக வந்தது. 1878-இல் ராயல் சொசைட்டி புரௌனுக்கு ராயல் மெடல் கொடுத்தது. மறு ஆண்டு அவர் இறந்துபோனார். அவர் மறைந்த சில ஆண்டுகளில், 1882-இல், இயற்பியலாளர் பால்ஃபர் ஸ்டூவர்ட் ஒரு விளக்கத்தை முன்வைத்தார்: ஊசியின் அன்றாட அசைவுக்குக் காரணம், மேல் வளிமண்டலத்தில் ஓடும் மின்னோட்டங்கள். காந்த நடுக்கோட்டின் மேல், தரையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், பகல் நேரத்தில் அந்த ஓட்டம் ஒரு குறுகிய பட்டையாகக் குவிந்து பாய்கிறது என்பது இருபதாம் நூற்றாண்டில் தெளிவாயிற்று. அகத்தியர் மலையில் ஒரு பேட்டரியும் இல்லாமல் உட்கார்ந்திருந்தவர்கள் எழுதி வைத்தது, தலைக்கு மேலே ஓடிய மின்சாரத்தின் கணக்கை.

மலைக்கு ஒரு குறை உண்டு. அது ஓரளவுக்கு மேல் உயராது. அதற்கு மேலே போகப் பலூன் வந்தது. பலூனோடு, எதை ஏற்றினாலும் கிராம் கணக்குப் பார்க்கவேண்டிய நிலையும் வந்தது.

இந்திய வானிலைத் துறை ஆக்ராவில் மேல்வளி ஆய்வகத்தை அமைத்தபோது, முதலில் பறந்த கருவிகளிலும் மின்சாரம் இல்லை. இங்கிலாந்தின் வில்லியம் ஹென்றி டைன்ஸ் வடிவமைத்த மீட்டியோரோகிராஃப் அது. வெள்ளிமுலாம் பூசிய சிறு தகடு, அஞ்சல்தலை அளவு. காற்றழுத்தம் குறையக் குறைய விரியும் ஒரு டப்பா தகட்டை நகர்த்தும். குளிரில் சுருங்கும் உலோகம் ஓர் ஊசியை நகர்த்தும். ஊசி தகட்டின் மேல் ஒரு கீறல் போடும். எடை சில அவுன்ஸ்தான். விழும்போது நொறுங்காமலும் கண்ணில் படும்படியும் இருக்க மூங்கில் சிம்புக் கூட்டில் கட்டி அனுப்புவார்கள். எங்கோ ஒரு வயலில் விழுந்ததை எடுத்துவந்து கொடுப்பவருக்குச் சன்மானம் உண்டு. வந்த தகட்டை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்து, ஒரு மயிரிழைக் கோட்டிலிருந்து 20 கிலோமீட்டர் வானத்தைப் படிப்பார்கள்.

அப்படிப் படித்தவர்களில் ஒருவர் கே. ஆர். ராமநாதன். 1893-இல் பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்தவர். 1914-இல் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரிக்கு வந்து, புரௌன் இருந்த அதே வானாய்வகத்தின் பொறுப்பையும் கவனித்தவர். கல்கத்தா போய் சி. வி. ராமனோடு ஒளிச்சிதறலில் வேலை செய்துவிட்டு, பிறகு வானிலைத் துறையில் சேர்ந்தார். பல நாடுகளின் பலூன் கணக்குகளை ஒன்றாக அடுக்கி, 1929-இல் நேச்சர் இதழில் ஒரு வரைபடம் வெளியிட்டார். வளிமண்டலத்தின் கீழடுக்குகளில் மிகக் குளிர்ந்த காற்று துருவத்துக்கு மேலே இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ராமநாதனின் படத்தில் அது இருந்த இடம் பூமத்தியரேகைக்கு மேலே, 17 கிலோமீட்டர் உயரத்துச் சுற்றுவட்டாரத்தில். அங்கே பூஜ்யத்துக்குக் கீழே 80 டிகிரியைத் தொடும்.

பேட்டரிக்காரர்களின் தலைவலி எல்லாம் இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் கடற்கரை வெயிலில் 30 டிகிரியில் கிளம்பும் பலூன், ஒரு மணி நேரத்துக்குள் உலகின் கடுங்குளிர் அடுக்கு ஒன்றைத் துளைத்துக்கொண்டு போகவேண்டும்.

கீறல் தகட்டில் ஒரு சங்கடம். பெட்டி திரும்பி வந்தால்தான் செய்தி. கடலில் விழுந்தால் போயிற்று. காட்டில் விழுந்து மூன்று மாதம் கழித்துக் கிடைத்தால், நாளைய மழையைச் சொல்ல அது உதவாது. காற்றின் வேகத்தை மட்டும் அறிய, கருவியே இல்லாத சிறு பைலட் பலூனை விட்டுத் தியோடலைட்டால் பின்தொடர்வார்கள். பகலில் பிரச்சினையில்லை. இரவில்? ஒரு காகிதக் கூண்டுக்குள் மெழுகுவத்தியை ஏற்றிப் பலூனுக்குக் கீழே நீளமான நூலில் தொங்கவிட்டார்கள். மேலே ஹைட்ரஜன், கீழே நெருப்பு. நூலின் நீளம்தான் பாதுகாப்பு. உயரே போகும் விளக்குக்கு வேண்டிய ஆற்றலை மெழுகில் வைத்து அனுப்பிய இந்த முறை உலகெங்கும் வானிலையாளர்களிடம் இருந்தது. பிறகு சிறு பல்பும் பேட்டரியும் அந்த இடத்துக்கு வந்தன.

ரேடியோ வந்து ஆட்டத்தை மாற்றியது. பிரான்சில் ரொபேர் பியூரோ 1929-இலும், சோவியத் நாட்டில் பாவெல் மோல்ச்சானோவ் 1930 ஜனவரியிலும், பறந்துகொண்டே செய்தி அனுப்பும் ரேடியோசோண்டுகளை ஏற்றிவிட்டார்கள். இனி பெட்டி திரும்ப வரவேண்டாம். பதிலாக, ஒலிபரப்பிக்கு மின்சாரம் வேண்டும்.

அன்றைய ரேடியோ வால்வு ஒரு பேட்டரியால் திருப்தியடையாது. இழையைச் சூடாக்கச் சில வோல்ட் தரும் ஒரு பேட்டரி. தகட்டுக்கு அறுபது, எழுபது, தொண்ணூறு வோல்ட் தரும் இன்னொன்று. இரண்டாவதற்கு நிறையக் குட்டிக் கலங்களை வரிசையாகக் கோக்கவேண்டும். டார்ச் லைட்டில் போடும் வகை உலர்கலத்தின் உள்ளே ஈரமான பசை இருக்கிறது. குளிரில் அது இறுகினால் அயனிகள் நகராது, வோல்ட் சரியும். ஈயக் கலம் ஓரளவு தாக்குப்பிடிக்கும், ஆனால் ஈயம் ஈயம்தான். எடை ஏறினால் பெரிய பலூன், பெரிய பலூனுக்கு அதிக ஹைட்ரஜன்.

இந்தச் சிக்கலுக்கு இந்திய வானிலைத் துறை 1940-களில் கண்ட வழி அழகானது. இறக்குமதிக் கருவிகள் போர்க்காலத்தில் கிடைக்காத நிலையில், புனேயிலும் டெல்லியிலும் சொந்த ரேடியோசோண்டுகளை உருவாக்கினார்கள். ஒன்று கடிகார வகை. இன்னொன்று விசிறி வகை. அழுத்தம், வெப்பம், ஈரப்பதம் என்று ஒவ்வோர் உணரியாக மாற்றி மாற்றி ஒலிபரப்பியோடு இணைக்க ஏதோ ஒன்று சுழலவேண்டும். அதற்கு ஒரு மோட்டார் வைத்தால் அது பேட்டரியைத் தின்னும். கடிகார வகையில் சாவி கொடுத்த வில் அந்த வேலையைச் செய்தது. விசிறி வகையில் அதுவும் வேண்டாம்: பலூன் நிமிடத்துக்கு 300 மீட்டர் வேகத்தில் ஏறும்போது எதிரே வரும் காற்றே ஒரு சிறு விசிறியைச் சுழற்றும், விசிறி இணைப்புகளை மாற்றும். ஹைட்ரஜன் தூக்கும் விசையிலிருந்து கொஞ்சம் கடன் வாங்கிய ஏற்பாடு. பேட்டரிக்கு மிஞ்சியது வால்வின் வேலை மட்டும்.

புரௌனின் பட்டு நூல், டைன்ஸின் தகடு, இந்த விசிறி மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பழக்கம் தெரிகிறது. உயரத்தில் அளந்தவர்கள் நல்ல மின்மூலத்தைத் தேடுவதற்கு முன்பு, மின்சாரம் இல்லாமல் எவ்வளவு தூரம் ஓட்டலாம் என்று பார்த்தார்கள். தவிர்க்கவே முடியாத பகுதிக்குத்தான் பேட்டரி. இந்த வரிசைமுறை பின்னால் வந்தவர்களுக்கும் பொருந்தியது.

எல்லோருக்கும் அந்த வசதி இல்லை என்பதும் உண்மை. 1939-40 குளிர்காலத்தில் ராபர்ட் மில்லிகன், விக்டர் நெஹர், வில்லியம் பிக்கரிங் ஆகிய மூவரும் கலிஃபோர்னியாவிலிருந்து வந்து பெங்களூர், ஆக்ரா, பெஷாவர் ஆகிய இடங்களிலிருந்து காஸ்மிக் கதிர்களை அளக்கப் பலூன்கள் விட்டார்கள். காரணம், புரௌன் அளந்த அதே காந்தம். காந்த நடுக்கோட்டை நெருங்க நெருங்கப் பூமியின் காந்தப்புலம் கதிர்த்துகள்களை விலக்கிவிடும்; மூன்று அட்சங்களில் அளந்தால் கதிர்களின் ஆற்றலைப் பிரித்தறியலாம். காஸ்மிக் கதிரை எண்ணும் கைகர் குழாய்க்குச் சில நூறு முதல் ஆயிரம் வோல்ட் வரை வேண்டும். விசிறி வைத்துச் சமாளிக்கிற வேலை இல்லை. அப்போது பெங்களூரில் இருந்த ஹோமி பாபாவும் இப்படி அளப்பதில் இறங்கினார். அவர் 1945-இல் தொடங்கிய டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் பலூன் பறப்புகளைத் தன் முக்கியத் தொழில்களில் ஒன்றாக்கிக்கொண்டது.

போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் ரேடியோசோண்டுக்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோல ஒரு பேட்டரி வந்தது. ஒரு பக்கம் மக்னீசியத் தகடு, மறுபக்கம் தாமிர (குப்ரஸ்) குளோரைடு பூசிய வலை, நடுவே ஒற்றுத்தாள். உள்ளே திரவம் கிடையாது. உறைக்குள் காற்றுப் புகாமல் மூடி வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. பலூன் விடும் நாளில் உறையைக் கிழித்து, பேட்டரியைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் சில நிமிடம் முக்கி எடுப்பார்கள். ஒற்றுத்தாள் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்; சொட்டும் நீரை உதறி, கையில் பிடித்தால் மெல்லச் சூடேறுவது தெரியும். மின்சாரம் தரும் வினையோடு, மக்னீசியம் தண்ணீரோடும் வினைபுரிந்து வெப்பம் தருகிறது. மற்றக் கலங்களில் இந்த வெப்பம் நட்டக் கணக்கு. இங்கே அதுதான் லாபம்: −80 டிகிரி அடுக்கைக் கடக்கும்போது பேட்டரி தன்னைத் தானே சூடாக வைத்துக்கொள்ளும். இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துபோகும். பலூன் வெடிப்பதும் ஏறத்தாழ அப்போதுதான்.

இதில் ஒரு கண்டிப்பு உண்டு. நனைத்துவிட்டால் பின்வாங்க முடியாது. ரிசீவர் மக்கர் செய்தாலோ, பலூன் ஊதும்போதே கிழிந்துபோனாலோ, அந்தப் பேட்டரி வீண். எனவே மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது என்று உறுதியான பின்பே பேட்டரி தண்ணீருக்குப் போகும்.

இத்தகைய மக்னீசியக் கலங்களைப் பற்றித் தமிழ்நாட்டில் ஆராய்ந்த இடம் காரைக்குடி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14 அன்று ராதாகிருஷ்ணன் திறந்து வைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அது. செட்டிநாட்டு வறண்ட நிலத்தில் இருந்துகொண்டு அரிப்பு, முலாம்பூச்சு, மின்கலம் என்று நாட்டின் மின்வேதியியல் முழுவதையும் கையில் எடுத்த அந்த ஆய்வகத்தின் நெடுநாள் அக்கறைகளில் மக்னீசியமும் ஒன்று.

திருவனந்தபுரத்து வானத்துக்கு அடுத்த பெரிய ஆள் திருவிதாங்கூர்க்காரர். அன்னா மணி 1918-இல் பீருமேட்டில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, பெங்களூரில் ராமனிடம் ஆராய்ச்சி செய்து, 1948-இல் புனேயில் வானிலைத் துறையில் சேர்ந்தார். ஏறத்தாழ நூறு வானிலைக் கருவிகளுக்கு இந்திய வரைபடங்களைத் தரப்படுத்தியவர். விக்ரம் சாராபாய் 1963-இல் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்தபோது, அங்கே வானிலை ஆய்வகத்தை நிறுவியவர் அவர். தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமும் அதே காந்த நடுக்கோடு.

அன்னா மணியின் குழு 1960-களில் உருவாக்கிய இந்திய ஓசோன்சோண்டு, மின்சாரக் கணக்கில் ஒரு விநோதம். அதன் உணரி ஒரு வேதிக் கலம். பொட்டாசியம் அயோடைடு கரைசலுக்குள் வெளிக்காற்றைக் குமிழ்விட்டால், அதிலுள்ள ஓசோன் அயோடினை விடுவிக்கும்; அதனால் மின்முனைகளுக்கிடையே மைக்ரோ ஆம்பியர் அளவில் ஓட்டம் பிறக்கும். ஓட்டம் எவ்வளவோ, ஓசோன் அவ்வளவு. அளக்கப்படும் வாயுவே அளவைக்கான ஓட்டத்தைத் தீர்மானிக்கிறது. ஆனால் காற்றை உறிஞ்ச ஒரு குட்டிப் பம்ப் வேண்டும், அதற்கு மோட்டார், மோட்டாருக்குப் பேட்டரி. கரைசலும் உறையக்கூடாது. எல்லாவற்றையும் தெர்மோகோல் பெட்டிக்குள் நெருக்கி வைத்தால், பேட்டரியும் மோட்டாரும் விடும் சூட்டில் கரைசல் குளிர்காய்ந்தபடி மேலே போகும். டெல்லி, புனே, திருவனந்தபுரம் ஆகிய ஊர்களிலிருந்து இவை பறந்தன. கேரளத்தின் கொல்லங்கோட்டில் பிறந்த வானிலையாளர் பி. ஆர். பிஷாரட்டியின் பெயரில், விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் பின்னாளில் ஒரு ஜிபிஎஸ் சோண்டையே உருவாக்கியது.

ரப்பர் பலூன் இரண்டு மணி நேர விருந்தாளி. ஹைதராபாத்தில் டாட்டா ஆராய்ச்சி நிறுவனம் 1969 முதல் நடத்திவரும் பலூன் தளம் வேறு வகை. அங்கே பாலித்தீன் பலூன்கள். நூற்றுக்கணக்கான கிலோ எடையைத் தூக்கி, 30 முதல் 40 கிலோமீட்டர் உயரத்தில் மணிக்கணக்கில் மிதக்கும். 2005 ஏப்ரல் 20 அன்று பறந்த ஒரு பலூன் 459 கிலோ சுமையை ஏற்றிச் சென்றது; அதில் 38 கிலோ திரவ நியானில் குளிரூட்டிய காற்றுச் சேகரிப்புக் குழாய்கள் இருந்தன. அந்த மாதிரிகளில் கிடைத்த புதிய நுண்ணுயிரிகள் மூன்று என்று 2009-இல் இஸ்ரோ அறிவித்தது. ஒன்றுக்கு ஆரியபட்டர் பெயர், ஒன்றுக்கு இஸ்ரோவின் பெயர், மற்றொன்றுக்கு வானியலாளர் ஃப்ரெட் ஹாயிலின் பெயர்.

இந்த உயரத்தில் பேட்டரியின் எதிரி மாறிவிடுகிறது. ஏறும் வழியில் குளிர். மிதக்கும் இடத்தில் சூடு. 35 கிலோமீட்டரில் காற்றழுத்தம் தரைமட்டத்தின் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. சூட்டை எடுத்துச் செல்லக் காற்று இல்லாததால், வெயிலில் மிதக்கும் மின்னணுப் பெட்டி தன் சூட்டிலேயே வேகத் தொடங்கும். இன்னொரு தொல்லையும் உண்டு. தரையில் சாதுவாக இருக்கும் உயர்வோல்ட் கம்பி, மெலிந்த காற்றில் சுலபமாகப் பொறி விடும். அதனால் உயர்வோல்ட் பகுதிகளை மெழுகிலோ பிசினிலோ புதைப்பார்கள். அல்லது மொத்தத்தையும் காற்றடைத்த கலத்துக்குள் வைப்பார்கள். அந்தக் கலத்துக்கும் ஓர் எடை உண்டு.

எடைக் கணக்கு எப்படி விரியும் என்பதைச் சிறு கூட்டலில் பார்க்கலாம். 100 வாட் தின்னும் தொலைநோக்கியை 10 மணி நேரம் ஓட்ட 1000 வாட்-மணி வேண்டும். ஈயப் பேட்டரி கிலோவுக்கு 35 வாட்-மணி தருகிறது என்றால், ஏறத்தாழ 29 கிலோ. வெள்ளி-துத்தநாகம் கிலோவுக்கு 100 என்றால் 10 கிலோ. லித்தியம்-அயன் 200 என்றால் 5 கிலோ. ஈயத்துக்கும் லித்தியத்துக்கும் இடையே உள்ள 24 கிலோவில் இன்னொரு கருவியே ஏறிவிடும். வெள்ளி-துத்தநாகம் விலை அதிகம், சில சுற்றுகளுக்கு மேல் சார்ஜ் ஏறாது. ஆனாலும் ராக்கெட்டுகளிலும் பெரிய பலூன்களிலும் அது பல்லாண்டு கோலோச்சியதன் காரணம் இந்தக் கூட்டல்தான். திருவனந்தபுரத்தில் உள்ள விக்ரம் சாராபாய் மையம், விண்வெளிக்கென லித்தியம்-அயன் கலங்களைச் சொந்தமாக உருவாக்கி, 2018-இல் அந்தத் தொழில்நுட்பத்தை இந்தியத் தொழில் நிறுவனங்களுக்குக் கொடுக்க முன்வந்தது.

ஒரு விதி இதில் விடுபடக்கூடாது: பெட்டி திரும்பி வருமா, வராதா? ஹைதராபாத்தின் விலையுயர்ந்த சுமைகள் பாராசூட்டில் இறங்குகின்றன. குழு லாரியோடு துரத்திப் போய் எடுத்து வருகிறது. அங்கே சார்ஜ் ஏற்றக்கூடிய நல்ல கலத்துக்குச் செலவழிப்பதில் பொருள் இருக்கிறது. அன்றாடம் பறக்கும் ரேடியோசோண்டு போனால் போனதுதான். அதற்கு ஒருமுறைக் கலம் போதும்.

ட்ரான்சிஸ்டரும் சிப்பும் வந்தபின் ரேடியோசோண்டின் பசி அடங்கிவிட்டது. 90 வோல்ட் கட்டு ஒழிந்தது. உலகில் அதிகமாகப் பறக்கும் சோண்டுகளில் ஒன்றான பின்லாந்தின் வைசாலா ஆர்எஸ்41 இரண்டே இரண்டு ஏஏ லித்தியம் கலங்களில் ஓடுகிறது. சுவர்க் கடிகாரத்தில் போடும் அதே அளவு. உள்ளே வேறு வேதியியல். லித்தியமும் இரும்பு டைசல்ஃபைடும் கொண்ட இந்தக் கலத்தில் தண்ணீரே இல்லை. கரிமக் கரைப்பான்தான் மின்பகுளி என்பதால் −40 டிகிரியிலும் வேலை செய்யும். தெர்மோகோல் உறைக்குள் அதற்குக் கீழே அது போவதும் அரிது. சாதாரண அல்கலைன் கலம் 23 கிராம், இது 15 கிராம். இன்னும் குளிர் தாங்கவேண்டுமானால் லித்தியம் தயோனைல் குளோரைடு இருக்கிறது; 3.6 வோல்ட், −55 வரை தாங்கும், ஆனால் ஒரே நேரத்தில் அதிக ஓட்டம் கேட்டால் தடுமாறும். கல்லூரி மாணவர்கள் கேமராவையும் ஜிபிஎஸ்ஸையும் கட்டி 30 கிலோமீட்டருக்கு அனுப்பும் பலூன்களிலும் இந்த இரண்டு லித்தியங்களுக்கு இடையேதான் விவாதம் நடக்கும்.

பிறகு சூரியன். உயரே மேகமில்லை, வெயில் சதுர மீட்டருக்கு 1300 வாட்டுக்கு மேல். இந்தியாவில் எங்கே எவ்வளவு வெயில் விழுகிறது என்ற அடிப்படை அட்டவணைகளை 1980-களின் தொடக்கத்தில் நூல்களாகக் கொண்டுவந்தவர், ஓசோன்சோண்டு செய்த அதே அன்னா மணி. இரண்டு மணி நேரப் பறப்புக்குச் சோலார் பேனல் தேவையில்லாத எடை. ஒரு வாரம், ஒரு மாதம் என்றால் அதுவின்றி முடியாது. கூகுளின் லூன் திட்டம் அந்தக் கணக்கில்தான் நின்றது: 20 கிலோமீட்டர் உயரத்தில் மிதந்து கீழே இணையம் தரும் பலூன், சுமார் 100 வாட் தரும் பேனல், இரவைத் தாண்ட லித்தியம் பேட்டரி. அவற்றில் ஒன்று 312 நாள் பறந்தது.

அந்தத் திட்டத்துக்கு இலங்கை 2015-இல் கைகோத்தது. 2016 பிப்ரவரி நடுவில் முதல் பலூன் இலங்கை வானுக்குள் வந்தது. சில நாளில் கம்பளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இறங்கிக் கிடந்தது. ஊர்க்காரர்கள் கண்டெடுத்தார்கள். ஆறு மாதத்துக்குச் சூரியனை நம்பிக் கிளம்பிய பேனலும் பேட்டரியும், மலையகத்துத் தேயிலை நிரைகளுக்கு நடுவே. மின்சாரம் போதாமல் விழுந்ததல்ல. பரிசோதனைப் பறப்பின் முடிவு என்றுதான் அதிகாரிகள் சொன்னார்கள். லூன் நிறுவனம் 2021 ஜனவரியில் மூடப்படும் என்று அறிவித்தபோது சொன்ன காரணமும் பேட்டரி அல்ல, வணிகம் கட்டுப்படியாகவில்லை என்பது.

திருவனந்தபுரத்திலிருந்து தென்மேற்குப் பருவத்தில் ஏறும் பலூனின் பாதை, ஏன் ஒருமுறைக் கலமே அங்கே நியாயம் என்பதைக் காட்டிவிடும். முதல் இருபது நிமிடம் மேலைக்காற்று அதைக் கிழக்கே, விதுரை, போனக்காட்டு மலைகளின் பக்கம் தள்ளும். ஆறேழு கிலோமீட்டரைத் தாண்டினால் காற்று திரும்பிவிடும். அதற்கு மேலே, 15 கிலோமீட்டர் அளவில், வானிலையாளர் பி. கோட்டீஸ்வரம் 1950-களில் விவரித்த வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று ஓடுகிறது. பலூனை மறுபடி நகரத்தைத் தாண்டி மேற்கே இழுத்துப் போய் அரபிக்கடலின் மேல் விடும். இரண்டு லித்தியம் கலங்களோடு பெட்டி கடலுக்குப் போகிறது. அடுத்த பலூனுக்கான உறையை நிலையத்தில் பிரிக்கத் தொடங்கியிருப்பார்கள்.